பழைய டிரில்லிங் மெஷினுக்கு மேக்னடிக் ஸ்டார்ட்டர்: எல்லாம் 13, 14-இல் இருக்கிறது

பழைய டிரில்லிங் மெஷின்களில் பெரும்பாலும் வெறும் டாகிள் சுவிட்ச்தான். ஓடும்போது கரண்ட் போனாலும் அது 'ஆன்' நிலையிலேயே நிற்கும். பிட்டை மாற்ற சக்கில் (பிட்டைப் பிடித்திருக்கும் தலை) சாவியைச் செருகியிருக்கும் நேரம் பார்த்து கரண்ட் வந்தால் சாவி பறக்கும், விரலும் தப்பாது. ஸ்டார்ட்டர் மாட்டுவது முதலில் இதற்காகத்தான். மோட்டார் எரியாமல் காப்பது அடுத்த லாபம்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பது ஒரு கான்டாக்டர் (காயிலின் காந்தத்தால் மூடும் சுவிட்ச்), அதன் அடியில் ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது), இரண்டு பட்டன்கள். காயிலுக்குக் கரண்ட் கிடைத்தால் இரும்புக் கோர் உள்ளே இழுபட்டு மெயின் கான்டாக்ட்கள் மூடும். கூடவே 13, 14 என்று எண்ணிட்ட துணைக் கான்டாக்டும் மூடும். ஸ்டார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருப்பது இதன் வழியாகத்தான். சப்ளை போனால் காயில் விடும், 13-14 திறக்கும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது ஸ்டார்ட்டை அழுத்தும் வரை மெஷின் அசையாது.

வாங்கும்போது காயிலின் வோல்ட்டேஜைப் படித்துப் பாருங்கள். 415 வோல்ட் காயிலுக்கு 230 கொடுத்தால் கோர் முழுதாக இழுபடாது. 230 வோல்ட் காயிலுக்கு 415 கொடுத்தால் புகைதான்.

230 வோல்ட் சிங்கிள் பேஸ் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். பேஸ் கான்டாக்டரின் 1 என்ற முனைக்கு, நியூட்ரல் 3-க்கு. ரிலேயின் 2-இலிருந்து ஒரு வயர் மோட்டாருக்கு. 4-இலிருந்து வருவதை நேரே மோட்டாருக்குக் கொடுக்காமல், மேலே கான்டாக்டரின் 5-க்குக் கொண்டுபோய், ரிலேயின் 6-இலிருந்து மோட்டாருக்கு எடுங்கள். ரிலேக்குள் மூன்று பைமெட்டல் பட்டைகள் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டைகள்) உண்டு. ஒன்றில் மட்டும் கரண்ட் ஓடாவிட்டால் ஒரு பேஸ் போய்விட்டது என்று ரிலே எடுத்துக்கொள்ளும், மோட்டாரில் குறையே இல்லாமல் டிரிப் ஆகும். இந்த ஒரு துண்டு வயரை விட்டுவிட்டு, ரிலேதான் கெட்டது என்று மாற்றுகிறவர்கள் உண்டு.

கன்ட்ரோல் வயரிங் இப்படி: கான்டாக்டரின் 1-இலிருந்து பேஸ் எடுத்து ரிலேயின் 95-க்கு (95-96 என்பது ரிலே டிரிப் ஆனால் திறக்கும் கான்டாக்ட்). 96-இலிருந்து ஸ்டாப் பட்டனுக்கு, அங்கிருந்து ஸ்டார்ட்டுக்கு, ஸ்டார்ட்டிலிருந்து காயிலின் ஏ1-க்கு. ஏ2 நியூட்ரலுக்கு. ஸ்டாப் சாதாரணமாக மூடியிருப்பது, ஸ்டார்ட் திறந்திருப்பது. ஸ்டாப்பும் ஸ்டார்ட்டும் சேரும் இடத்தில் 13, ஏ1-இல் 14.

13-ஐ எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் பாதித் தவறுகள். ஸ்டாப்புக்கு முன்னால் கொடுத்துவிட்டால் மெஷின் ஓடத் தொடங்கும், ஸ்டாப்பை அழுத்தினாலும் நிற்காது. கொடுக்கவே மறந்தால் பட்டனை அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓடும். 13-14-க்குப் பதில் சாதாரணமாக மூடியிருக்கும் 21-22-ஐ மாட்டினால், சப்ளை கொடுத்ததுமே காயில் இழுக்கும், இழுத்ததும் கான்டாக்ட் திறக்கும், உடனே விடும், மறுபடி இழுக்கும். பெட்டிக்குள் தடதடவென்று சத்தம் கேட்டால் உடனே சப்ளையை நிறுத்துங்கள்.

ஓவர்லோடு டயலை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். அரை ஹெச்.பி. மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். டிரிப் ஆகிறதே என்று டயலைக் கூட்டுவது, வைண்டிங்கை எரிக்க அனுமதி கொடுப்பது மாதிரி. ஷார்ட் சர்க்கியூட்டுக்கு இந்த ரிலே போதாது, அதற்கு ஃபியூஸோ எம்.சி.பி.யோ தனியாக வேண்டும்.

பழைய மோட்டாரின் ரப்பர் வயர் விரலில் உதிர்கிறதா? அதை அப்படியே புதுப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் முதலில் மோட்டாரைக் கவனியுங்கள். இரட்டை வயர் மட்டும் வந்த மோட்டாரானால் பாடிக்கும் பெட்டிக்கும் எர்த் இழுங்கள்.

கான்டாக்டர் உறுமினால் பெரும்பாலும் கோரின் முகத்தில் தூசியோ துருவோ. துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். துடைத்தும் உறுமினால் கோரின் முகத்தில் பதித்திருக்கும் செம்பு வளையம் உடைந்திருக்கிறதா பாருங்கள். கோர் பாதியில் சிக்கினால் காயில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுத்து எரியும். இரும்புத் தூள் விழாதபடி வயரைப் பெட்டியின் அடியிலிருந்து நுழையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கில் சாவியோ பிட்டோ இல்லாமல் மெஷினை ஓட விட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். சக்கு நின்றதும் மறுபடி செருகுங்கள். சக்கு அசைந்தால் 13, 14-ஐ மறுபடி பாருங்கள்.