பாறை ஏறும் வண்டிக்கு எந்த லித்தியம் பேட்டரி?

ரிமோட்டில் ஓடும் வண்டிகளில் கிராலர் தனி ரகம். ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து, தன் உயரத்துக்குச் சமமான கல்லில் தொற்றி ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் அதன் வேலை. ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகள் இந்த ரகத்தில் பேர்போனவை. ரேஸ் காருக்கு பேட்டரி வாங்கிப் பழகியவர்கள் இதற்கும் 5000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேக் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். நேற்றுவரை ஏறிய பாறையில் வண்டி கவிழத் தொடங்கும்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பேட்டரி இல்லாமல் வண்டி 2.4 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 350 கிராம் பேக் ஒன்றைச் சட்டத்துக்கு மேலே, 130 மி.மீ. உயரத்தில் வைத்தால் மொத்த ஈர்ப்பு மையம் 82 மி.மீ.க்கு ஏறிவிடும். அதற்குப் பதில் 150 கிராம் பேக்கை 60 மி.மீ. உயரத்தில் தாழ வைத்தால் அது 74 மி.மீ.தான். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து டயர் தரையைத் தொடும் இடம் 95 மி.மீ. என்றால், முதல் வண்டி பக்கவாட்டில் 49 டிகிரி சாய்ந்ததும் கவிழும். இரண்டாவது 52 டிகிரி வரை தாங்கும். கேட்க மூன்று டிகிரிதான். ஆனால் கிராலரில் ஏறுவதற்கும் உருளுவதற்கும் நடுவே இருப்பது பல சமயம் அவ்வளவே.

முன்பக்க எடை இதைவிட முக்கியம். அச்சுகளுக்கு இடையே 313 மி.மீ. உள்ள வண்டியில் எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருந்து, ஈர்ப்பு மையம் 80 மி.மீ. உயரத்தில் இருந்தால், செங்குத்தில் ஏறும்போது 63 டிகிரியில் பின்னோக்கி மல்லாந்துவிடும். எடையில் 60 சதவீதத்தை முன் அச்சுக்குக் கொண்டுபோனால் அந்தக் கோணம் 67 ஆகிறது. அதனால்தான் தேர்ந்த ஓட்டுநர்கள் பேட்டரித் தட்டைப் பின்பக்கத்திலிருந்து கழற்றி, பானெட்டுக்கு அடியில், முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் பொருத்துகிறார்கள். அந்த இடத்தில் பெரிய பேக் நுழையாது. ஆகவே முதலில் இடத்தை அளக்க வேண்டும், பிறகுதான் பேக்கைத் தேட வேண்டும். அளக்கும்போது ஒயர் வெளியே வந்து வளையும் இடத்துக்கு 15 மி.மீ.யாவது கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்து வாங்கிய பேக்கை அழுத்தித் திணிக்கும்போது ஒயர் அடியோடு மடங்கி, உள்ளே செல்லோடு சேரும் பற்றவைப்பு விட்டுப்போகும்.

சின்ன பேக் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடாதா? ஊரும் வண்டி அதிகம் குடிப்பதில்லை. 35 டர்ன் (சுருளில் 35 சுற்று) பிரஷ் மோட்டார் போட்ட வண்டி சராசரியாக 2.5 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், 1500 எம்.ஏ.எச். பேக்கில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினாலே அரை மணி நேரம் கிட்டத்தட்ட ஓடும். 2200 என்றால் 40 நிமிடத்துக்கு மேல். பெரிய பேக் ஒன்றுக்குப் பதில் சின்ன பேக் இரண்டை வாங்கி, ஒன்றை வண்டியிலும் மற்றதைப் பையிலும் வைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு.

அடுத்தது வோல்டேஜ். லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்றுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இரண்டு செல் வரிசையாக இணைத்தது 2எஸ், 7.4 வோல்ட், மூன்று என்றால் 3எஸ், 11.1 வோல்ட். 3எஸ் மாட்டினால் மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழலும். படி போன்ற பாறையில் சட்டென்று ஒரு உந்து கொடுக்க இது உதவும். ஆனால் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி மோட்டார் சுழலாமல் நிற்கும்போது, அதில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது சுருளின் மின்தடை மட்டுமே. வோல்டேஜ் ஒன்றரை மடங்கானால் மின்னோட்டமும் ஒன்றரை மடங்கு, சூடு 2.25 மடங்கு. முழு திராட்டிலில் சில நொடி அப்படிப் பிடித்தால் பிரஷ் கருகும். 3எஸ் போடுபவர்கள் மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனில் இரண்டு மூன்று பல் குறைத்தால் மோட்டாருக்குச் சுமை தணியும். இதற்கெல்லாம் முன்பு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரின் மேல் 3எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2எஸ்தான், பேச்சே இல்லை.

கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்று சொல்வது லேபிளில் உள்ள 'சி' எண். அதை அப்படியே நம்ப வேண்டாம். 1500 எம்.ஏ.எச்., 30சி என்றால் 45 ஆம்பியர் தர வேண்டும் என்று பொருள். 100சி என்று அச்சடித்தவையும் கிடைக்கின்றன. பேக்கின் உள்மின்தடைதான் உண்மையைச் சொல்லும். நல்ல சார்ஜர்கள் அதை மில்லி ஓமில் காட்டும். மொத்தம் 30 மில்லி ஓம் உள்ள பேக்கிலிருந்து 40 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும்; 48 வாட் சூடாகப் போகும். பேக் ஊதத் தொடங்குவது இப்படித்தான்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து அணைந்து எரிந்தால் உடனே பேட்டரியைக் குறை சொல்லிவிடாதீர்கள். சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கான மின்சாரம் கன்ட்ரோலருக்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சிறு சுற்று வழியாகத்தான் போகிறது. பல கன்ட்ரோலர்களில் அதன் எல்லை 3 ஆம்பியர். சக்கரம் கல்லில் முட்டி நிற்கும்போது வலுவான சர்வோ அதைத் தாண்டி இழுக்கும், வோல்டேஜ் சரியும், ரிசீவர் மறுபடி தொடங்கும். எத்தனை பேட்டரி மாற்றினாலும் இது தீராது, தனி பி.இ.சி. போட்டால் தீரும்.

கிராலரில் பேட்டரி செத்துப்போக முதல் காரணம், கன்ட்ரோலரை நிக்கல் பேட்டரிக்கான முறையிலேயே விட்டுவிடுவது. லிப்போ முறையில் வைத்தால் செல்லுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட்டில் அது மோட்டாரை நிறுத்திவிடும். மெதுவாக ஓடும் வண்டியில் சோர்வு தெரியாது. 3.5 வோல்ட் வரை நிதானமாக இறங்கும் வோல்டேஜ், அதன் பிறகு மளமளவென்று சரியும். மிக ஆழமாகத் தீர்ந்த செல்லில் எதிர்மின்முனையின் செம்புத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளே ஷார்ட் உண்டாக்கலாம். ஆகவே 2 வோல்ட்டுக்கு இறங்கிய செல்லை எப்படியாவது எழுப்பிவிடலாம் என்று முயல வேண்டாம்.

கடினக் கூடு உள்ள பேக் அடி தாங்கும், ஆனால் எடையும் இடமும் கூடும். மென்உறை பேக் எடுத்தால் தட்டில் திருகுமுனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் டைக்குப் பதில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனியாகச் சார்ஜரோடு இணைக்கும் மெல்லிய பேலன்ஸ் ஒயர் தொங்கி, சுழலும் டிரைவ் ஷாஃப்டில் உரசினால் அதன் உறை தேய்ந்து இரண்டு கம்பி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒயரை மடித்து பேக்கின் மேலேயே டேப் ஒட்டிவிடலாம். ஓடையில் இறக்கும் வண்டியில் பேலன்ஸ் பிளக் நனைந்தால் அதன் பின்கள் பச்சை பிடிக்கும். தண்ணீரிலிருந்து வந்ததும் துடைத்து உலர வையுங்கள்.

சார்ஜ் ஏற்றுவது 1சி அளவில்: 1500 பேக்குக்கு 1.5 ஆம்பியர். எப்போதும் பேலன்ஸ் முறையில், அதாவது செல்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்தி. 2எஸ் பேக்கில் மொத்தம் 8.4 வோல்ட் காட்டினாலும் ஒரு செல் 4.30, மற்றது 4.10 என்று இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு இது தெரியாது, 4.30-ல் இருக்கும் செல் ஆபத்தில் இருக்கும். ஓட்டி முடித்து ஒரு வாரத்துக்கு மேல் வைக்கப்போகிறீர்கள் என்றால், பேக் ஆறிய பிறகு சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, கனெக்டரைக் கழற்றி, தீப்பற்றாத பெட்டியில் வையுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு பேக்கை வண்டியிலேயே விட்டால், சில கன்ட்ரோலர்கள் கசியவிடும் சிறு மின்னோட்டமே சில வாரங்களில் அதைக் காலி செய்துவிடும்.