ஜொகானஸ்பர்க் ஏறும்போது டர்போ படும் பாடு

ஈஸ்டர் விடுமுறை வந்தால், தென்னாப்பிரிக்காவில் டர்பனையும் ஜொகானஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை கொள்ளாது. ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் புனித வெள்ளித் திருவிழாவுக்கு டர்பன் அருகே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு இறங்கி வருவார்கள். கும்பிட்டுவிட்டு, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு, வண்டி நிறைய ஆளும் சாமானுமாகத் திரும்ப ஏறுவார்கள். நிஜமாகவே அது ஏற்றம்தான். டர்பன் கடலோரம், ஜொகானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிட உயரத்தில் ஒரு பெருநகரம்!

மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். விகிதம் அதே 21 சதவீதம்தான், காற்றே மெலிந்துவிடுகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், ஜொகானஸ்பர்க்கில் சுமார் 82. எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் உள்ளே போகும் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எரிய வைக்கும் காற்று குறைந்தால் எரிபொருளையும் குறைத்துத்தான் ஆக வேண்டும். காற்றை அமுக்கித் தரும் டர்போ இல்லாத எஞ்சின் கடற்கரையில் 200 குதிரைத்திறன் தந்தால், மேலே 165 தேறினால் பெரிது.

இன்றைய சொகுசு எஸ்யூவிகளில் பெரும்பாலானவை டர்போ பொருத்தியவை. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. உள்ளே 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்பனில் காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். ஜொகானஸ்பர்க்கில் 82-லிருந்து தொடங்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 2.4 மடங்கு. வண்டியின் கணினி அழுத்தத்தை அளந்துபார்த்து, டர்போவை இன்னும் வேகமாகச் சுழல விடுகிறது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றெல்லாம் இந்தச் சக்கரத்துக்குச் சாதாரணம். ஓட்டுபவருக்கு இது எதுவும் தெரியாது. மேட்டிலும் வண்டி பறக்கிறதே என்று சந்தோஷப்படுவார்.

அமுக்கினால் காற்று சூடாகும். 27 டிகிரியில் உள்ளே வந்த காற்று, இரண்டு மடங்கு அமுக்கும்போது ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போகும், 2.4 மடங்கில் 150-ஐத் தொடும். சூடான காற்று மறுபடி விரிந்து மெலிந்துவிடும் என்பதால், இன்டர்கூலர் வழியாகக் குளிரவைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். அந்த இன்டர்கூலரைக் குளிர்விப்பதும் அதே மெலிந்த வெளிக்காற்றுதான்!

ஒரு இடத்தில் மட்டும் குட்டு வெளிப்படும். சிக்னலில் நின்று புறப்படும்போது புகையின் வேகம் போதாது, டர்போ இன்னும் விழித்திருக்காது. அந்த ஓரிரு நொடி அது டர்போ இல்லாத எஞ்சின்தான். கடற்கரையில் சட்டென்று கிளம்பும் வண்டி மேலே கொஞ்சம் தயங்கினால், பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

வண்டி வேகமெடுத்த பிறகும் மந்தம் விடவில்லையா? அப்படியானால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சின்ன விரிசல் இருந்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல டர்போ கூடுதலாக ஓடி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். டர்பனில் அதற்குத் தெம்பு மிச்சம் இருப்பதால் யாருக்கும் தெரியாது. மேலே அந்த மிச்சம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. காற்று வடிகட்டியும் இப்படித்தான். மழையில்லாத குளிர்காலம் முடியும் தருவாயில், பழைய தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து பறக்கும் புழுதி அதை அடைத்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது எண்ணெய். டர்போவின் அச்சு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. என்3 சாலையின் வான் ரீனன் கணவாயை முழு மூச்சாக ஏறிவந்த கையோடு எஞ்சினை அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தங்கிய எண்ணெய் வெந்து கரியாகப் படியும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது நல்லது. அணைத்த பிறகும் முன்பக்கம் விசிறியோ பம்போ ஓடும் சத்தம் கேட்டால் பயம் வேண்டாம். பல வண்டிகளில் அது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டம் முடிந்த வண்டியை வாங்குபவர்கள் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. டர்போவின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் சுவாரசியம். தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் பகுதியில் 93 ஆக்டேன் பெட்ரோல் தாராளமாக விற்கிறது; ஆக்டேன் எண் கூடக் கூட, பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும். மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் எரிபொருள் தானாக வெடித்துத் தட்டும் தொல்லையும் குறைவு, ஆகவே 93 போதும் என்பது கணக்கு. ஆனால் டர்போ அந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறதே! டர்போ வண்டியின் எரிபொருள் மூடியில் 95 என்று எழுதியிருந்தால், மேலேயும் 95தான். டீசல் என்றால் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவிலோ அதற்குக் கீழோ உள்ளதைப் போடுங்கள். 500 பிபிஎம் டீசல் புகைக்கரி வடிகட்டிக்கு ஆகாது.

அப்புறம் ரேடியேட்டர். ஜொகானஸ்பர்க்கில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்த மூடியும், தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் திரவமும் சேர்ந்துதான் அதைத் தடுக்கின்றன, எனவே மூடியின் ரப்பர் வளையம் நைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். டர்பனில் பனி உறையாது என்பதால் சிலர் வெறும் தண்ணீரையே நிரப்பி ஓட்டுகிறார்கள். அதே வண்டியை, இங்கே குளிர்காலமான ஜூலையில், வழியில் உள்ள ஹாரிஸ்மித்தில் இரவு நிறுத்தினால், தண்ணீர் உறைந்து விரிந்து ரேடியேட்டரைப் பிளந்துவிடக்கூடும், சில சமயம் எஞ்சின் பிளாக்கையும்.