அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் தெரிந்த ஒளி வட்டம்

அம்மம்மா இறந்தபின் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வீட்டுக்கிருத்தியம் செய்த அன்று பின்னேரம், இருட்டிய பிறகு முற்றத்தில் எல்லோரும் கூடி நின்று எடுத்த படத்தைப் பெரியம்மா பெரிதாக்கிக் காட்டினார். "தம்பி, இஞ்சை பார், அம்மா தன்ரை கதிரைக்குப் பக்கத்திலை வந்து நிக்கிறா." சாய்மனைக் கதிரைக்குச் சற்று மேலே, தோடம்பழம் அளவில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. ஓரம் கொஞ்சம் வெளிச்சம், நடுவில் மங்கல். அன்றிரவே அந்தப் படம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுது களைத்திருந்த ஒருவரிடம் விளக்கம் சொல்லும் நேரம் அதுவல்ல.

அது தூசி. ஆனால் ஒரு சொல்லில் இப்படி முடித்தால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாத தூசி படத்தில் எப்படித் தோடம்பழம் ஆகும் என்ற கேள்வி நியாயமானது. படம் எடுத்தது பழைய சிறிய டிஜிட்டல் கமரா, அதில் பிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கும். கதிரை 2 மீற்றர் தூரத்தில், தூசி லென்ஸுக்கு முன்னால் 5 சென்ரிமீற்றரில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசி 40 மடங்கு கிட்ட இருக்கிறது. தூரம் கூடக்கூட வெளிச்சம் அதன் வர்க்கத்தில் குறையும், ஆகவே கதிரையில் விழுவதைப்போல ஏறத்தாழ 1600 மடங்கு வெளிச்சம் தூசியில் விழுகிறது. அது நேரே லென்ஸுக்குள் திரும்பி வருகிறது.

சரி, ஏன் வட்டம்? கமரா கதிரையைக் குவியப்படுத்தியிருக்கிறது, அவ்வளவு கிட்ட உள்ள தூசியை அதனால் கூர்மையாகக் காட்ட முடியாது. குவியம் தவறிய ஒரு புள்ளி, லென்ஸின் துளை எந்த வடிவமோ அந்த வடிவத்தில் விரியும். துளை வட்டமென்றால் வட்டம், தகடுகளால் அறுகோணமாகச் சுருங்கியிருந்தால் அறுகோணம். துளை 2 மில்லிமீற்றர் என்றால், அந்தத் தூசி 2 மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் அகலமான ஒன்று நிற்பதைப்போலப் பதியும். கதிரைக்குப் பக்கத்தில் நாங்கள் கண்ட அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் முற்றம், வெறுங்காலோடு நடமாடும் ஐம்பது பேர், தட்டத்திலிருந்து எழும் சாம்பிராணிச் சாம்பல், விபூதி. இறந்தவரை நினைத்துக் கூடும் இடத்தில்தான் காற்றில் இவ்வளவு துகள் இருக்கிறது. வட்டங்கள் அங்கே அடிக்கடி தெரிவதற்குக் காரணமும் அதுவே.

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மாவோடு அதே முற்றத்தில் செய்து பார்த்தோம். பாயைத் தட்டிவிட்டு, அதே கமராவில் பிளாஷ் போட்டுப் பத்துப் படம்: ஒவ்வொன்றிலும் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். பிறகு பிளாஷை நிறுத்தி, கதிரைக்குப் பக்கவாட்டில் தூரத்தில் டோர்ச்சைப் பிடித்தபடி எடுத்தோம். ஒரு வட்டமும் இல்லை. பெரியம்மா இரண்டு வகைப் படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப அண்டைக்குத் தூசிதான்" என்றார். அந்தப் பழைய படத்தை அவர் அழிக்கவில்லை, அழிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

கைபேசியின் இரவுப் பயன்முறை வேறு வகை. அது சில விநாடிகளுக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும், இடையில் யாராவது நடந்து போனால் உடல் ஊடுருவித் தெரியலாம். அகச்சிவப்பு வெளிச்சத்தில் இயங்கும் சிசிடிவி கமராவில் வெள்ளையாய்ப் பறக்கும் "உருவம்" பெரும்பாலும் லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும் சிலந்தியோ ஒரு பூச்சியோதான்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இதை வைத்துக் காசு பார்த்தவர்களின் வரலாறு. 1860களில் பொஸ்டனில் வில்லியம் மம்லர் என்ற படப்பிடிப்பாளர், வாடிக்கையாளரின் பின்னால் இறந்த உறவினர் மங்கலாக நிற்கும் படங்களை விற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த காலம் அது. கொல்லப்பட்ட ஜனாதிபதி லிங்கனின் மனைவிகூட அவரிடம் போய், பின்னால் கணவர் நிற்பதுபோன்ற படம் எடுத்துக்கொண்டார். 1869இல் நியூயோர்க்கில் வழக்கு நடந்தது, மோசடி செய்த விதத்தை நிரூபிக்க முடியாமல் அவரை விட்டுவிட்டார்கள். 1922இல் இங்கிலாந்தில், ஆவிகள் பற்றிய கூற்றுகளை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். ஆவிப் படம் எடுப்பதாகச் சொன்ன வில்லியம் ஹோப் என்பவரிடம், படம் பதியும் கண்ணாடித் தகடுகளை இரகசிய அடையாளமிட்டுக் கொடுத்தார், ஆவி தெரிந்த தகட்டில் அந்த அடையாளம் இல்லை. ஹோப் தகட்டை மாற்றியிருந்தார்.

காணாமல் போன பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்று தெரியாமல் இருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அவர்களிடம் யாராவது இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து காசு கேட்டால், கமராவில் இருந்த அசல் கோப்பைக் கேளுங்கள். பிளாஷ் அடித்ததா, எவ்வளவு நேரம் ஒளி பட்டது என்பதெல்லாம் அசலில் இருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அந்தத் தகவல்கள் நீங்கிவிடும். அதே இடத்தில், அதே கமராவில், பிளாஷ் இல்லாமல் இன்னொரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.