பில்ட் ஸ்கிரிப்டை எந்த மொழியில் எழுதுவது?

"அண்ணே, உங்க ப்ராஜெக்ட் பில்டே ஆக மாட்டேங்குது." பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சியின் அழைப்பு. ஹட்டனில் ஓய்வு நேரத்தில் நான் கோ மொழியில் எழுதிவரும் ஒரு சின்ன நிரல்மொழி அது. மூல நிரலை ஓடும் நிரலாகக் கட்டித் தரும் பில்ட் ஸ்கிரிப்டை மட்டும், கைக்குப் பழகியது என்பதால், பைத்தானில் எழுதியிருந்தேன்.

அவளிடம் பைத்தான் இல்லை. லயத்து வாசலில் சிக்னல் பிடிக்கும் மூலையில் உட்கார்ந்து, ஃபோன் டேட்டாவில் சுமார் 25 எம்பி இறக்கினாள். அப்புறம் ஓட்டிப் பார்த்தால், டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மொடியூல் இல்லை என்று நின்றுவிட்டது. ஒரு ஃபோல்டரை கொப்பி பண்ண அதில் ஒரே ஒரு ஃபங்ஷனைத்தான் எடுத்திருந்தேன். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 அதை நீக்கிவிட்டது. என் கணினியில் இருந்ததோ 3.10. பிழை முழுக்க என்னுடையது.

இந்த மொழித் தேர்வை நாம் ருசியை வைத்தே முடித்துவிடுகிறோம். இறக்குபவரின் கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை. ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் சரி, விண்டோஸில் அதை ஓட்டும் பேஷ் நிரலைத் தனியாகத் தேட வேண்டும். 1976இல் பிறந்த 'மேக்' (make) என்ற பில்ட் கருவியும் விண்டோஸோடு வருவதில்லை. (டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் வைத்துவிட்டால் அதற்கு வரும் கோபம் வேறு.)

ப்ராஜெக்டின் மொழியிலேயே எழுதிவிடலாமே? ஸிக் என்ற நிரல்மொழி அப்படித்தான் செய்கிறது. ஆனால் ஒரு மொழியின் கம்பைலரையே, அதாவது அந்த மொழியில் எழுதியதை ஓடும் நிரலாக மாற்றும் நிரலையே, கட்டும்போது இது கோழியா முட்டையா கதை. 2015இல் வந்த கோ 1.5இல் கம்பைலரை சி மொழியிலிருந்து கோவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கோ கம்பைலரைக் கட்ட ஏற்கெனவே இன்னொரு கோ கம்பைலர் தேவை. ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் முந்தைய கம்பைலரை இறக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். மிச்சத்தை ரஸ்ட்டிலேயே எழுதிய நிரல் பார்த்துக்கொள்ளும். வெளி மொழியை வாசலோடு நிறுத்தும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

என் மொழிக்கு இந்தச் சிக்கலே இல்லை. கட்ட வருபவர் எல்லோரிடமும் கோ இருந்தே ஆக வேண்டும். ஒரே மாலையில் ஸ்கிரிப்டை கோ மொழியில் மாற்றி எழுதினேன். பைத்தானில் ஒரு வரியாக இருந்த கொப்பி வேலை இருபது வரியானது. அழகென்று சொல்ல மாட்டேன்.

இரண்டு நாளில் அவளிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. விண்டோஸில் கட்டும்போது ஃபைல் பெயரின் கடைசியில் 'டொட் ஈஎக்ஸ்ஈ' சேர்க்க நான் மறந்திருந்தேன். மூன்று வரியில் அவளே சேர்த்துவிட்டாள்.