குழாயில் தண்ணீர் வந்தது, பன்றி விழுந்தது

பன்றிப் பண்ணையில் வரும் நஞ்சுப் பாதிப்புகளில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது உப்பு நஞ்சுதான். பெரும்பாலும் அங்கே யாரும் உப்பைக் கூட்டிப் போட்டிருக்க மாட்டார்கள். தீவனம், நேற்றுவரை போட்ட அதே தீவனம். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது மோட்டார் நின்றிருக்கும். ஒன்றரை நாள் யார் கண்ணிலும் படவில்லை. ஒருவழியாகச் சரிசெய்கிறார்கள். பன்றிகள் முட்டிமோதிக்கொண்டு குடிக்கின்றன. சில மணி நேரத்தில் ஒன்று சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. சத்தம் போட்டாலும் திரும்புவதில்லை, கண்ணும் தெரிவதில்லை. அப்புறம் மூக்கு நுனி துடிக்கிறது, கழுத்து வெட்டி வெட்டி இழுக்கிறது, நாயைப்போல் குந்தி உட்கார்ந்து அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறது. இதே வரிசையில், சில நிமிட இடைவெளியில், வலிப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

தண்ணீர் இல்லாத நேரத்தில் இரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. அது மெல்ல மூளைக்குள்ளும் போய்ச் சேர்கிறது. உள்ளே போவது எளிது. வெளியேற்றத்தான் மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். ஆனால் அந்த ஆற்றலை உண்டாக்கும் வேலையையே கூடுதல் சோடியம் மந்தப்படுத்திவிடுகிறது. இந்த நிலையில் வயிறு முட்டத் தண்ணீர் கிடைத்தால் இரத்தம் சட்டென்று நீர்த்துவிடும். மூளையிலோ உப்பு இன்னும் தேங்கி நிற்கிறது. உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாமல் மூளை வீங்குகிறது. அதனால்தான் தண்ணீர் தடைபட்டது தெரிந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொல்கிறார்கள். தாகத்தில் கத்தும் கூட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு இதைச் செய்ய மனம் கல்லாக வேண்டும்.

சரி, தீவனத்திலேயே நஞ்சு இருந்தால்? அங்கே முதல் சந்தேகம் பூஞ்சை மீதுதான். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் வளரும் ஃபியூசேரியம் கிராமினேரம் என்ற பூஞ்சை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நஞ்சுகளை உண்டாக்கும். ஒன்று டிஆக்சிநிவலெனால். வாந்தியை வரவழைப்பதால் வாமிடாக்சின் என்றும் பெயர். ஒரு கிலோ தீவனத்தில் 1 மில்லிகிராம் அளவு இருந்தாலே பன்றி தின்பதைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஆடு மாடுகள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியை முன்கூட்டியே சிதைத்துவிடுகின்றன. பன்றிக்கு அந்த வசதி இல்லை.

மற்றது சியரலெனோன். இதன் வேலை ஆள்மாறாட்டம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்கிறது. பன்றியின் உடல் இதை மாற்றியமைக்கும்போது முன்னைவிட வீரியமான வடிவம் கிடைக்கிறது. நஞ்சைச் சமாளிக்கப் போய் அதைக் கூர்தீட்டிக் கொடுத்த கதை. விளைவு, பருவம் எட்டாத பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு, சினைப் பருவத்துக்கு வந்ததுபோல் சிவந்து வீங்கும். முக்கி முக்கி மலக்குடல் வெளித்தள்ளுவதும் உண்டு. குட்டி நன்றாகத் தின்னும், காய்ச்சல் இருக்காது.

இன்னொரு ஃபியூசேரியம் உண்டாக்கும் ஃபியூமோனிசின் குதிரைக்குப் போனால் மூளையைக் கரைக்கும். பன்றிக்குப் போனால் நுரையீரலில் நீர் கோக்கும். செல் சவ்வுக்கு வேண்டிய ஒரு வகைக் கொழுப்பு உருவாவதை இது பாதியில் தடுக்கிறது. அரைகுறையாக நின்ற மூலப்பொருள் இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பின் வலுவைக் குறைக்கிறது. இடப்பக்க இதயம் தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்க, நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. நுரையீரல் நோய் என்று பார்த்தால் அடியில் இருப்பது இதயக் கோளாறு. கல்லீரலைக் குறிவைக்கும் அஃப்லடாக்சினும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஓக்ராடாக்சினும் வேறு பூஞ்சைகளின் கைவரிசை. தீவனத்தைச் சூடாக்கினால் பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நஞ்சு பெரும்பாலும் சாகாது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும் தானியத்தை நம்ப முடியாததற்கும் இதுதான் காரணம்.

வெளியிலிருந்து எதுவும் வராமலே குடலுக்குள் நஞ்சு தயாராவதும் உண்டு. பால் மறக்கடித்த ஓரிரு வாரத்தில், தொழுவத்திலேயே கொழுகொழுவென்று வளர்ந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். பக்கத்தில் இன்னொன்று இமை வீங்கி, தள்ளாடி நடக்கும். குரல் கம்மிப்போய் ஒரு மாதிரி கீச்சிடும், ஏனென்றால் குரல்வளையும் வீங்கியிருக்கிறது. ஒரு வகை ஈ.கோலை குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஷிகா நஞ்சு ஒன்றை இரத்தத்தில் விடுகிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களின் செல்கள் புரதம் செய்வதை நிறுத்துகிறது. குழாய் கசியத் தொடங்குகிறது. அந்தக் கிருமி பற்றிக்கொள்ளும் பிடிமானம் குடலில் இல்லாமலே பிறக்கும் பன்றிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு இந்த நோய் வருவதில்லை.

பிறந்த சில நாட்களில் வரும் இரத்தக் கழிச்சலில் சீம்பாலே உடந்தையாகிறது. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ் என்ற கிருமியின் பீட்டா நஞ்சு ஒரு புரதம். செரிமான நொதியான ட்ரிப்சின் அதைச் சுலபமாக நறுக்கிவிடும். ஆனால் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் செரிக்காமல் குட்டிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக, சீம்பாலில் ட்ரிப்சினைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பிலேயே நஞ்சும் தப்பிக்கிறது. தாய்க்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால், இதே சீம்பால் மாற்று மருந்தையும் சுமந்து வரும்.

மருந்தும் நஞ்சாகும். சால்மனெல்லா, நிமோனியா என்று எதற்காவது பண்ணையில் மருந்து ஓடாத நாள் குறைவு. டியாமுலின் பன்றிகளுக்குக் கொடுக்கும் நல்ல ஆன்டிபயாடிக். சாலினோமைசின் சில இடங்களில் தீவனத்தில் சேர்க்கப்படும் மருந்து. தனித்தனியே, சரியான அளவில், இரண்டும் பாதுகாப்பானவை. சேர்ந்தால், சாலினோமைசினை உடைக்கும் கல்லீரல் நொதிகளை டியாமுலின் முடக்கிவிடுகிறது. உடையாத மருந்து சேர்ந்துகொண்டே போய்த் தசைகளைச் சிதைக்கும். பின்னங்கால் தொய்ந்து பன்றி எழ முடியாமல் கிடக்கும். தீவனப் பையையும் மருந்துச் சீட்டையும் தனித்தனியாகப் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

கொட்டகைக்கு அடியில் உள்ள கழிவுக்குழியைக் கலக்கும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடுகிறது. அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டதே என்று உள்ளே இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே பலியாவது இதனால்தான்.

இவற்றில் எது என்று கண்டுபிடிக்கப் போனால் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். அறிகுறி தெரியும்போது அந்தத் தீவனம் பெரும்பாலும் தின்று தீர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு லோடிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி வைப்பது நல்லது. பூஞ்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளராது. ஒரு மூலையில் நஞ்சு குவிந்திருக்க, அடுத்த கைப்பிடி சுத்தமாக இருக்கும். ஆகவே பல இடங்களில் அள்ளிக் கலக்க வேண்டும். ஈரமாக இருந்தால் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே புதுப் பூஞ்சை முளைத்து, பன்றி தின்னாத நஞ்சையும் ஆய்வகத்துக்கு அனுப்பி வைக்கும்.