29 டிகிரியில் ஒரு தோட்டம்: செடித் தொட்டிக்குள் டிஸ்கஸ் மீன்கள்

டிஸ்கஸ் வளர்ப்பைச் சில ஆண்டுகள் விட்டுவிட்டு மீண்டும் அதற்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புதிய ஆசையோடு வருகிறார்கள். முன்பு அவர்கள் வைத்திருந்தது அடியில் மணல்கூட இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி; அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், நாள்தோறும் தண்ணீர் மாற்றும் உழைப்பு. இப்போது அதே மீன்களை அடர்ந்த செடிகளுக்கு நடுவே பார்க்க விரும்புகிறார்கள். அந்த விருப்பம் நிறைவேறக்கூடியதே. ஆனால் வெறும் தொட்டியில் கற்ற பாடங்களில் பாதி இங்கே போதாமல் போகும். காரணம், செடியும் மூச்சுவிடும் உயிர் என்பதும், அந்த மூச்சின் வேகத்தை நீரின் வெப்பம் தீர்மானிக்கிறது என்பதுமே.

டிஸ்கஸ் மீனை 1840ஆம் ஆண்டு ஆஸ்திரிய அறிவியலாளர் ஜோஹான் ஜேக்கப் ஹெக்கல் முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். அதற்கான மாதிரியை ஜோஹான் நட்டெரர் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியில் சேகரித்திருந்தார். தேநீர் நிறத்தில் ஓடும் அந்த ஆற்றில் தாது உப்புகள் மிகமிகக் குறைவு, பி.எச். மதிப்பு பல இடங்களில் 4 முதல் 5 வரைதான் இருக்கும். காட்டு டிஸ்கஸ் மீன்கள் வெள்ளச் சமவெளியின் ஏரிகளிலும் மெதுவாக நகரும் கிளையாறுகளிலும், நீரில் சாய்ந்து மூழ்கிய மரங்களின் கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையே கூட்டமாக ஒதுங்கி வாழ்கின்றன. தட்டுப் போன்ற உடலும் செங்குத்தான பட்டைகளும் அந்த இடத்துக்குப் பொருத்தமானவை. நாம் கற்பனை செய்யும் பசும்புல்வெளி அங்கே கிடையாது. ஆகவே செடித் தொட்டி மீனின் தேவையைவிட நம்முடைய தேவையே என்பதை முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. மீன் கேட்பது வெப்பத்தையும் தூய்மையையும் அமைதியையும் மட்டுமே.

அந்த வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை. குளிர்நாடுகளில் இதற்காக மின்சாரத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சென்னையிலோ மார்கழி, தை மாத இரவுகளைத் தவிர ஹீட்டர் வேலை செய்வதே அரிது. எனினும் இலவசமாகக் கிடைக்கும் இந்த வெப்பத்துக்கு வேறு வகையில் விலை உண்டு. நீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரின் ஒரு லிட்டரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 25 டிகிரியில் அது 8.3 ஆகவும், 30 டிகிரியில் 7.6 ஆகவும் இறங்கும். அதே வேளையில் மீனின் உடலியக்கம் வேகமெடுத்து அதன் ஆக்சிஜன் தேவை கூடும். இருப்பு குறையும்போது செலவு கூடுகிறது. இந்த நெருக்கடிக்குள்தான் நாம் செடிகளையும் கொண்டுவந்து நடுகிறோம்.

செடிகள் ஆக்சிஜன் தரும் என்று பள்ளியில் படித்தது உண்மையே. ஆனால் அது விளக்கு எரியும் வரைக்கும்தான். தொட்டி விளக்கு எட்டு மணி நேரம் எரிகிறதென்றால், செடிகள் அந்த எட்டு மணி நேரத்தில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, சுவாசமோ இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் செடியின் சுவாச வேகம் சுமார் இரண்டு மடங்காகிறது. ஒளிச்சேர்க்கை அதே விகிதத்தில் ஈடுகொடுப்பதில்லை. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையில் முதல் வேலையைச் செய்யும் ரூபிஸ்கோ என்னும் நொதி, வெப்பம் ஏறும்போது கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்துவிடுவது அதிகமாகிறது. பிடித்த ஒவ்வொரு முறையும் செடி தான் சேர்த்த கரிமத்தில் ஒரு பங்கை இழக்கிறது. 24 டிகிரித் தொட்டியில் செழிக்கும் மென்மையான தண்டுச் செடிகள் 30 டிகிரியில் நெட்டையாக வளர்ந்து, கீழிலைகளை உதிர்த்து மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரம் ஊற்றுவதால் அந்த இழப்பு சரியாகாது.

ஆகவே இத்தகைய தொட்டியின் உண்மையான நிலையை அறிய வேண்டிய வேளை விடியற்காலை. இரவு முழுவதும் மீன், செடி, ஃபில்டரில் வாழும் நுண்ணுயிர்கள், அடிமண்ணில் மட்கும் கழிவு ஆகிய நான்கும் ஒரே ஆக்சிஜன் இருப்பிலிருந்து எடுத்திருக்கும். விளக்கு எரிவதற்கு முன் மீன்கள் செவுள்களை வேகமாக அசைத்துக்கொண்டு நீர்ப்பரப்பருகே நின்று, நண்பகலில் இயல்புக்குத் திரும்பினால், முதலில் ஐயப்பட வேண்டியது ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான். மருந்துப் புட்டியை அதற்குப் பிறகு தேடலாம். ஃபில்டரின் வெளிக்குழாயை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி வைப்பதும், இரவில் ஏர் பம்ப்பை ஓடவிடுவதும் எளிய தீர்வுகள். நீர்ப்பரப்பு குலுங்கினால் செடிக்கான கரியமில வாயு வெளியேறிவிடுமே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. கரியமில வாயுவைச் செலுத்தும் சிலிண்டர் வைக்காத தொட்டியில், பகலில் செடிகள் அந்த வாயுவை உறிஞ்சித் தீர்த்த பிறகு, குலுங்கும் பரப்பு வழியாகவே அது காற்றிலிருந்து மீண்டும் உள்ளே வருகிறது.

சிலிண்டர் வைப்பதைப் பற்றி ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். செடித் தொட்டிக்காரர்கள் வழக்கமாக இலக்கு வைக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு என்ற அளவு டிஸ்கஸ் தொட்டிக்கு ஏற்றதன்று. இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் திறன் குறைகிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் 1904ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்திருக்கும் வெதுவெதுப்பான நீரில், செவுள் வழியே கரியமில வாயுவை வெளியேற்றவும் முடியாமல் ஆக்சிஜனை ஏற்கவும் முடியாமல் மீன் இரு பக்கமும் நெருக்கப்படும். திரும்பி வந்த முதல் ஆண்டில் சிலிண்டரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாமல் வளரும் செடிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

செடிகள் மீனுக்குச் செய்யும் பேருதவி ஆக்சிஜனைவிட நைட்ரஜன் கணக்கில்தான் தெரிகிறது. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டரில் குடியேறிய நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே நுண்ணுயிரே செய்து முடிப்பதுண்டு என்பது 2015ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று தன் மாதிரியை எடுத்ததே ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்துதான். எந்த நுண்ணுயிர் செய்தாலும், அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. அமிலத்தை ஈடுகட்டும் ஆற்றலான நீரின் காரத்தன்மையும் கூடவே குறைகிறது. நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட, நீரில் அம்மோனியா எடுக்கும் மற்றொரு வடிவமான அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சுகின்றன. ஓர் இலை நேரடியாக எடுத்துக்கொண்ட அம்மோனியத்துக்கு ஃபில்டர் ஆக்சிஜன் செலவழிக்க வேண்டியதில்லை. வேகமாக வளரும் செடிகள் நிறைந்த தொட்டி டிஸ்கஸுக்கு இதமாக இருப்பதன் பின்னணி இதுதான்.

இதனுடன் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது: செவுளைத் துளைத்து உள்ளே புகும் நச்சு வடிவம் ஒன்று, பெருமளவு தீங்கற்ற அம்மோனியம் மற்றொன்று. 30 டிகிரி நீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.8 விழுக்காடுதான் நச்சு வடிவம், பி.எச். 8 ஆனால் அது 7 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. மென்மையான நீர் நிரப்பிய தொட்டியில் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் காரத்தன்மையைத் தின்று பி.எச். மதிப்பை 6க்குக் கீழே இறக்கிவிட்டால், அவற்றின் வேலையே மந்தமாகி அம்மோனியம் சேரத் தொடங்கும். மீன்கள் நலமாகவே தெரியும். தண்ணீர் மாற்றிப் பல வாரங்கள் ஆகிவிட்டனவே என்று ஒருநாள் காரத்தன்மை மிகுந்த குழாய் நீரைப் பாதித் தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றினால், சேர்ந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு சில நிமிடங்களில் நச்சாக மாறிவிடும். நல்லது செய்யப்போய் மீன்களை இழந்தவர்கள் பலர் இந்தக் கணக்கை அறியாதவர்களே. நெடுநாள் கவனிக்காத தொட்டியில் நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு என்று சிறுகச் சிறுக மாற்றுவதே பாதுகாப்பானது.

இனி சென்னைத் தண்ணீருக்கு வருவோம். மெட்ரோ தண்ணீர் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும், வீராணத்திலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும் வருகிறது. எந்தப் பகுதிக்கு எந்தக் காலத்தில் எது வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். குளோரினும் கலந்திருக்கும் என்பதால் அதை நீக்கும் திரவத்தை ஊற்றாமல் பயன்படுத்தக் கூடாது. போர் தண்ணீரோ பல பகுதிகளில், குறிப்பாகக் கடற்கரையை ஒட்டி, லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகளைக் கொண்டது. கொளத்தூர்க் கடைகளில் நாம் வாங்கும் டிஸ்கஸ் மீன்கள் பல தலைமுறைகளாகத் தொட்டிகளில் பெருக்கப்பட்டவை. அவை ரியோ நீக்ரோ நீரைக் கேட்பதில்லை, மிதமான கடினத்தன்மையிலும் நன்றாக வாழ்கின்றன. முட்டை பொரிப்பதற்குத்தான் மென்மையான நீர் இன்றியமையாதது. கடின நீரில் முட்டைகள் பொரியும் விகிதம் குறைந்துவிடும். வளர்ப்பு மட்டும் நோக்கமென்றால், ஒரே தன்மையுள்ள நீரை வாரம் தவறாமல் தருவதே மென்மையைவிட முக்கியமானது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தப்படும் சாஃப்ட்னர் இங்கே ஒரு பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் உப்பின் மொத்தச் சுமை குறைவதில்லை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்குவதில்லை. செடிகளுக்கோ தேவையான இரண்டு தாதுக்கள் போய், தேவையில்லாத ஒன்று கூடிவிடுகிறது. அந்த நீரைத் தொட்டிக்குத் தவிர்த்து, ஆர்.ஓ. தண்ணீரையும் சாஃப்ட்னருக்கு முன் பிடித்த நீரையும் கலந்து ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. வடகிழக்குப் பருவமழை இன்னும் சிறந்த கொடை: ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். மாடியின் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போகும்வரை முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடிக்க வேண்டும். தெருவோரத்து வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலைகளைப் போட்டால் நீர் தேநீர் நிறம் பெறும். ஆனால் காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் நிறம் மட்டுமே மாறும், பி.எச். அசையாது.

கத்திரி வெயில் நாட்களில் அறையின் வெப்பத்தோடு விளக்கின் வெப்பமும் சேர்ந்து தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டலாம். மீன் சில நாட்கள் தாங்கும். செடிகள்தாம் முதலில் தளரும். நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாதல் வெப்பத்தை எடுத்துச்செல்லும். 200 லிட்டர் நீரை 1 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் நீர் ஆவியானால் போதும். கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த மாலைகளில் இந்த முறை அவ்வளவாகப் பயன் தராது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும் என்பதால், குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீராலேயே ஈடுசெய்ய வேண்டும்.

செடிகளில் அமேசான் ஸ்வார்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்ட்டி ஆகியவை இந்த வெப்பத்தில் நிலைக்கும். வாலிஸ்நீரியா நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரிமத்தை எடுக்கவல்லது என்பதால், சற்றுக் கடினமான நீர் வைத்திருப்பவர்களுக்கு அது சிறந்தது. அனுபியாஸையும் ஃபெர்னையும் மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் கட்ட வேண்டும். தரையை முழுதும் செடியால் மூடிவிடாமல் முன்பக்கத்தில் வெறும் மணல் பரப்பு ஒன்றை விட்டு, உணவை அங்கேயே போடப் பழக்கினால், எஞ்சியது கண்ணுக்குத் தெரியும், உறிஞ்சி எடுக்கவும் முடியும். ஒரு நாளில் பலமுறை புரத உணவு கேட்கும் குஞ்சுகளைச் செடித் தொட்டியில் வளர்ப்பது வீண் போராட்டம். பன்னிரண்டு சென்டிமீட்டரை எட்டிய ஐந்தாறு மீன்களை ஒன்றாக விடுவதே சரி. அதற்கு முன் செடிகளை நட்டு, அவை புதிய இலை விடும்வரை, ஃபில்டரில் நுண்ணுயிர்கள் குடியேறும்வரை, ஓரிரு மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். பரணில் காய்ந்து கிடந்த பழைய ஃபில்டரில் உயிர் எதுவும் எஞ்சியிருக்கும் என்று நம்பக் கூடாது.

திரும்பி வருகிறவர்கள் வாங்க மறக்கும் பொருள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. செடிகள் அடர்ந்த வெதுவெதுப்பான தொட்டியில் நீரோட்டம் நின்றால், வெறும் தொட்டியைவிட விரைவாக ஆக்சிஜன் தீரும். தொட்டிக்கு வெளியே மூடிய கலனாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நிலைமை இன்னும் மோசம்: அங்கே அடைபட்ட நுண்ணுயிர்கள் உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும், பிறகு அழுகல் தொடங்கும். மின்சாரம் வந்தவுடன் அது தானாக ஓடத் தொடங்கினால் அந்த நாற்றநீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். ஆகவே நீண்ட மின்தடையின்போது கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மின்சாரம் திரும்பியதும் அதைத் திறந்து உள்நீரைக் கொட்டி, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் தொட்டி நீரிலேயே அலசி, அதன் பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.