மருத்துவச் சீட்டில் வரும் ‘பாலி’

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களின் மருத்துவச் சீட்டுகளில் ‘பாலி’ என்று தொடங்கும் சொற்கள் அடிக்கடி வரும். கிரேக்கத்தில் ‘பொலுஸ்’ என்றால் பல. மிகுதி என்றும் பொருள். பலகோணத்தைச் சொல்லும் ‘பாலிகன்’ எண்ணிக்கையைக் குறிக்கிறது, ‘பாலியூரியா’வோ அளவைக் குறிக்கிறது.

சர்க்கரை வியாதியில் இந்தச் சொற்கள் மூன்றாக வரும்: பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிஃபேஜியா. அதாவது மிகுதியான சிறுநீர், அடங்காத தாகம், தீராத பசி. இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம். அந்தத் தாகத்தைக் கோலாவிலோ பழச்சாற்றிலோ தணிக்கப் பார்த்தால் சர்க்கரை இன்னும் ஏறும். உடம்பின் அணுக்களுக்குச் சர்க்கரை போய்ச் சேராததால் பசி எடுக்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால் அது பாலியூரியா. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது வேறு. சிறுநீர்த் தொற்றோ, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமோ காரணமாக இருக்கலாம். இந்த மூன்றோடு வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம் சேர்ந்தால் அன்றைக்கே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அளவுகளில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டு இணையப் பக்கங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்றிருக்கும். தென்னாப்பிரிக்கப் பரிசோதனைச் சீட்டில் அதே அளவு 7 (லிட்டருக்கு மில்லிமோல்) என்றிருக்கும். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். ‘எனக்கு 9தான்’ என்று நிம்மதி அடைகிறவருக்கு உண்மையில் 162 இருக்கிறது.

பாலிநியூரோபதி என்பது பல நரம்புகள் ஒருசேரக் கெடுவது. நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் இரண்டு பாதங்களின் விரல்களிலும் தொடங்கும். முதலில் எரிச்சல், ஊசி குத்தல்; பிறகு மரத்துப் போகும். எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைப்பது பெரிய ஆபத்து. தைப்பூசக் காவடி இங்கே ஜனவரி, பிப்ரவரியின் கடும் வெயிலில் வருகிறது. மரத்த பாதத்தோடு வெறுங்காலில் தார் ரோட்டில் நடப்பவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கும் இதேதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஒரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால், வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றுவதுதான் நல்லது. பாதத்தை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும். அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சில சொற்கள் வீணாகப் பயமுறுத்தும். ‘பாலிப்’ கிரேக்கத்தில் பல கால்கள் என்று பொருள்படும்; குடலில் அது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு சதை வளர்ச்சி. சில வகைகள் பல ஆண்டுகளில் புற்றாகலாம் என்பதால் எடுத்துவிடுவார்கள். ‘பாலிசிஸ்டிக்’ சினைப்பையில் தெரிபவை கட்டிகளே அல்ல, முதிராத முட்டைப் பைகள். போலியோவுக்கும் ‘பல’வுக்கும் தொடர்பே இல்லை, அது சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ‘பொலியோஸ்’.

கடைசியாகப் பாலிஃபார்மசி. ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகள் எடுப்பதைத்தான் பொதுவாக இப்படிச் சொல்வார்கள். தேவையான ஐந்து மருந்து தவறில்லை, சேரக் கூடாதவை சேர்வதுதான் தவறு. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும் ஹைட்ரோகுளோரோதையசைடும் எடுப்பவர், முழங்கால் வலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது திடீரெனப் பழுதாகலாம். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் ஆபத்து இன்னும் கூடுதல். கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் மருத்துவரிடம் வேறு பெயரிலும் ஒரே மருந்தை வாங்கி இரட்டிப்பாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு மாதச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோங்கள். காலையில் குடிக்கும் பாகற்காய்ச் சாற்றையும் சொல்லுங்கள்: சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.